தோல் துருத்தி

பழைய கார், புதிய கை – 7

இண்டிகேட்டர் விளக்குகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேஜிக் ரவுண்டானாவில் கார் முக்கியது. அதிலிருந்து நான்கு நாளாக என் மனசில் கார்புரேட்டரைத் தவிர வேறெதுவும் இல்லை.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்: 1971-ம் வருஷத்து எம்.ஜி.பி., இரண்டே சீட், மடக்கும் துணிக்கூரை. வாங்கிய அன்று நோட்டில் எழுதிய குறைகள் 23. ஆறு அடித்தாயிற்று, 17 பாக்கி.

இங்கிலாந்தின் ஸ்விண்டன் ஊரை அறியாதவர்களுக்கு அந்த ரவுண்டானாவைச் சொல்ல வேண்டும். 1972-ல் போட்டது. ஐந்து குட்டி ரவுண்டானாக்களை ஒரு வட்டமாக உட்காரவைத்து, அவற்றுக்கு நடுவில் இன்னொரு வட்டம். வெளிப்பக்கம் கடிகாரச் சுற்றில் போகும் வண்டிகள், உள்வட்டத்தில் எதிர்ச்சுற்றில் போகும். பார்க்கக் கோலம் மாதிரி இருக்கும். ஓட்டுகிறவனுக்கு அங்கே ஒரே விதிதான்: இடைவெளி தெரிந்த நொடியில் மிதித்து உள்ளே போய்விட வேண்டும். நான் மிதித்தேன். இன்ஜின் ‘குப்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு நொடி இருக்கும். பின்னால் லாரி. வலப்பக்கம் பஸ். அப்புறம் எதுவுமே நடக்காததுபோல இழுத்துக்கொண்டு ஓடியது.

நோட்டில் இது எட்டாவது குறை. ‘மிதித்தால் தயங்குகிறது’ என்று எழுதி, பக்கத்தில் ‘அவசரமில்லை’ என்றும் எழுதியிருந்தேன். அந்த இரண்டாவது வார்த்தையை அன்று ராத்திரியே அடித்தேன்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்தவர், கார்புரேட்டர் இரண்டும் தேய்ந்துவிட்டன, புதுசாகப் போட்டுவிடலாம் என்றார். அவர் சொன்ன தொகையில் மதுரைக்கு ஒரு விமான டிக்கெட் எடுக்கலாம். மூடியைக்கூட அவர் கழற்றிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்து மதுரைக்குப் போன் போட்டேன். எங்கள் அப்பாவின் அம்பாஸிடரை இருபது வருஷம் ஓட வைத்திருந்த மெக்கானிக் அண்ணனுக்கு.

“என்ன தம்பி, இந்நேரத்துல?” என்றார். அங்கே ராத்திரி 10 மணி. வீடியோவைப் போட்டு, போனை இன்ஜினுக்கு மேலே பிடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“ஏ தம்பி, இது நம்ம அம்பாஸிடர் இன்ஜின்ல! அந்த டாப்பெட் மூடியப் பாரு, அதே சாடை.”

அவர் கண் பொய் சொல்லாது. அம்பாஸிடரில் வந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. இன்ஜினும் பி.எம்.சி. கம்பெனியின் ‘பி சீரிஸ்’ என்ற ஒரே குடும்பம். அண்ணன், தம்பி என்றே சொல்லலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார் வங்காளத்து உத்தர்பாராவுக்குப் போய் அம்பாஸிடர் ஆனது; அதே வம்சத்து இன்ஜின் அபிங்டன் தொழிற்சாலையில் ஸ்போர்ட்ஸ் காருக்குள் உட்கார்ந்தது. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று எங்கள் குடும்பத்தைச் சுமந்த இன்ஜினின் சொந்தக்காரன்தான் இது என்று தெரிந்தபோது, இந்தக் காரின் மேல் எனக்கிருந்த அந்நியம் போய்விட்டது.

“மிதிச்ச ஒடனே முக்குதா, ஓட ஓட முக்குதா?”

“மிதிச்ச ஒடனேதாண்ணே. மூச்சப் பிடிச்சுட்டு அப்புறம் இழுக்குது.”

“அப்புறம் இழுக்குதுல்ல? அப்ப பெட்ரோலும் வருது, கரண்டும் வருது. எதையும் வாங்காத. மூடியக் கழட்டி, உள்ள இருக்க வேண்டியது இருக்கான்னு மொதல்ல பாரு. மாத்துறதப் பத்திப் பெறகு பேசுவோம்.”

பார்த்தேன். எம்.ஜி.பி.யில் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு அலுமினிய மணியைக் கவிழ்த்ததுபோல ஒரு கூடு. அதன் உச்சியில் திருகு மூடி. மூடியைத் திருகித் தூக்கினால், அதோடு சேர்ந்து ஒரு மெல்லிய கம்பியும் கம்பியின் நுனியில் சுண்டுவிரல் நகத்தளவு பித்தளைக் குமிழும் வெளியே வரும். அந்தக் குமிழ் எண்ணெயில் முங்கி இருக்க வேண்டும். என் கையில் வந்தது காய்ந்த குமிழ். துணியில் துடைத்தேன், துணியில் கறைகூடப் படவில்லை. இரண்டு கார்புரேட்டரிலும் அதே கதை. எத்தனை வருஷமாக யாரும் திறக்கவில்லையோ.

அந்த எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை? இதைத் தெரிந்துகொள்ளப் போய்த்தான் இந்த வாரத்தின் மூன்று ராத்திரிகளைத் தொலைத்தேன். தொலைத்தது வீண்போகவில்லை.

சாதாரண கார்புரேட்டரில் காற்று போகும் தொண்டையின் அகலம் மாறாது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அந்த அகலம் அதிகம். காற்று வேகமில்லாமல் போகும், பெட்ரோலைச் சரியாக உறிஞ்சாது. வேகமாகச் சுற்றும்போது அதே தொண்டை போதாது. இதைச் சமாளிக்க ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகப் பெட்ரோல் துவாரங்கள் வைப்பார்கள். ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயருக்கு வேறு யோசனை வந்தது. இன்ஜினுக்கு எவ்வளவு மூச்சு வேண்டுமோ, அதற்குத் தக்கபடி தொண்டையே தானாக விரிந்து சுருங்கினால் என்ன? 1904-ல் அப்படி ஒன்றைச் செய்தார். 1906-ல் காப்புரிமை கிடைத்தது.

ஸ்கின்னரின் தொழில் செருப்பு. ‘லில்லி அண்ட் ஸ்கின்னர்’ என்ற செருப்புக் கம்பெனியின் குடும்பம் அவருடையது. கார்புரேட்டர் உலகப் புகழ் பெற்ற பிறகும் அந்தக் கம்பெனியின் இயக்குநராகவே இருந்தார். இன்ஜினின் உறிஞ்சலுக்குத் தக்கபடி விரிந்து சுருங்க ஒரு பொருள் வேண்டும் என்றபோது, அவர் கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருந்திருக்கும்? தோல். உலகின் முதல் எஸ்.யூ. கார்புரேட்டரின் உள்ளே அசைந்தது தோலால் தைத்த ஒரு துருத்தி!

கொல்லர் பட்டறையில் துருத்தி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, கை அழுத்த அழுத்த உலைக்கு மூச்சுப் போகும். ஸ்கின்னர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். அங்கே துருத்தி நெருப்புக்கு மூச்சுக் கொடுக்கிறது. இங்கே நெருப்பின் மூச்சு துருத்தியை இழுக்கிறது. இன்ஜின் உறிஞ்ச உறிஞ்ச துருத்தி மேலே சுருங்கும், அதோடு சேர்ந்து தொண்டையின் கதவு உயரும், கதவின் அடியில் தொங்கும் கூரான ஊசியும் உயரும். ஊசி நுனி மெலிந்தது; அது பெட்ரோல் துவாரத்திலிருந்து மேலே வர வர, துவாரத்தில் இடம் கூடும், பெட்ரோல் கூடும். காற்றும் பெட்ரோலும் ஒரே அசைவில் சேர்ந்து கூடுகின்றன. ஒரே துவாரம், ஒரே ஊசி. இவ்வளவு எளிமையாக ஒருவர் யோசித்ததை நினைத்து, எண்ணெய்க் கையோடு கராஜ் ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் துருத்திகளைத் தைத்தது யார் தெரியுமா? தன் அம்மா அவற்றைத் தைத்துக்கொண்டிருந்ததை ஸ்கின்னரின் மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கார் சரித்திரப் புத்தகங்களில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பொறியாளர்களின் படம்தான் இருக்கும். விளக்கடியில் தோலைத் தைத்த அந்தப் பெண்மணிக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஹெர்பர்ட்டின் தம்பி கார்ல், செருப்புக் கம்பெனியில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டு முழுமூச்சாக கார்புரேட்டரில் இறங்கினார். 1910-ல் தனிக் கம்பெனி. பெயர் ‘ஸ்கின்னர் யூனியன்’. அதன் முதலெழுத்துகள்தான் எஸ்.யூ. தோல் போய் உலோகப் பிஸ்டன் வந்தது. 1926-ல் அந்தக் கம்பெனியை வாங்கியவர் வில்லியம் மோரிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் கடை வைத்து ஆளானவர். ‘மோரிஸ் கராஜஸ்’ என்ற அவருடைய கடையின் முதலெழுத்துகள்தான் எம்.ஜி. ஆக, செருப்புக் குடும்பத்தின் கார்புரேட்டரும் சைக்கிள் கடைக்காரரின் காரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து, 45 வருஷம் கழித்து என் கார் பிறந்தது.

எண்ணெய்க்கு வருகிறேன். தோலை எடுத்துவிட்டு உலோகப் பிஸ்டனை வைத்தாலும், திடீரென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் அது சட்டென்று உச்சிக்கு எகிறிவிடும். தொண்டை ஒரேயடியாக விரியும். காற்று லேசானது, உடனே பாய்ந்து வந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்னால்தான் வரும். அந்த ஒரு நொடி இன்ஜினுக்குச் சோறில்லாமல் வெறும் காற்று. அதுதான் நான் ரவுண்டானாவில் கேட்ட ‘குப்’. இதைத் தடுக்கவே பிஸ்டனின் நடுத்தண்டுக்குள் எண்ணெயும், எண்ணெய்க்குள் அந்தப் பித்தளைக் குமிழும். பிஸ்டன் மேலே ஏறும்போது எண்ணெய் தடுத்து நிதானமாக ஏறவிடும், இறங்கும்போது வழிவிட்டுவிடும். பிஸ்டன் நிதானிக்கும் அந்த நொடியில் குறுகலான தொண்டையில் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் கொஞ்சம் தாராளமாக வரும். இன்ஜினுக்கு அப்போது அதுதான் வேண்டும்.

எண்ணெய் எவ்வளவு? ஒரு பாலாடை அளவுகூடப் போகாது. இன்ஜின் ஆயிலே போதும், 20 கிரேடு என்றால் நல்லது. கையால் பார்க்க ஒரு வழி உண்டு: எண்ணெயை விட்டுவிட்டு மூடியோடு குமிழை மெல்ல உள்ளே இறக்குங்கள். மூடி உட்காரக் கால் அங்குலம் இருக்கும்போதே விரலுக்கு ஒரு தடை தெரிய வேண்டும். சேற்றில் கால் வைத்ததுபோல ஒரு பிடிப்பு. அது தெரிந்தால் அளவு சரி.

முன் கார்புரேட்டரில் தெரிந்தது. பின் கார்புரேட்டரில் வேறு ஒரு குறை காத்திருந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றி, தொண்டைக்குள் விரலை விட்டுப் பிஸ்டனைத் தூக்கிவிட்டால், அது கீழே விழுந்து ‘டக்’ என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். முன்னது ‘டக்’ என்றது. பின்னது பாதியில் நின்றுவிட்டது, அப்புறம் சோம்பலாக இறங்கியது. கூட்டின் மேல் ஒரு கோடு கிழித்து அடையாளம் வைத்துக்கொண்டு, திருகுகளைக் கழற்றி மேலே தூக்கினேன். உள்சுவர் முழுக்க வெல்லப்பாகு காய்ந்ததுபோல ஒரு பழுப்புப் படலம். ஓடாமல் நின்ற வருஷங்களில் பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போனது. பஞ்சு வராத பழைய வேட்டித்துணியில் கார்புரேட்டர் கிளீனரை நனைத்துத் துடைத்தேன். உப்புக்காகிதம் கூடவே கூடாது. பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளிதான். அந்த இடைவெளியில்தான் மொத்தக் கணக்கும் இருக்கிறது. அதே காரணத்தால் ஒரு கூட்டின் பிஸ்டனை இன்னொரு கூட்டில் போடக் கூடாது, ஜோடி பார்த்துச் செய்தவை. குழப்பம் வராமலிருக்க ஒன்றைக் கழற்றிப் பூட்டிய பிறகே மற்றதைத் தொட்டேன். சுத்தம் செய்த சுவரில் எண்ணெய் பூசவும் கூடாது. எண்ணெய் நடுத்தண்டுக்கு மட்டும்.

பூட்டிவிட்டுப் பிஸ்டனைத் தூக்கி விட்டேன். டக். இன்னொரு தடவை. டக். சின்னக் குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டுவதுபோலப் பத்துத் தடவையாவது செய்திருப்பேன்.

பெட்ரோல் கலவை சரியா என்று பார்க்கவும் இதே பிஸ்டனே போதும். இன்ஜின் சூடாகி ஸ்லோவில் ஓடும்போது, பக்கத்தில் இருக்கும் சிறு ஊக்கை அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடிப் பழையபடி அமர்ந்தால் சரி. அடியில் ஆறுமுக நட்டு ஒன்று உண்டு; மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு முகம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று வாங்குகின்றனவா என்று அறிய, தோட்டக் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைத் தொண்டையிலும் வைத்துச் சீறலைக் கேட்டேன். முன்னது சத்தம் கூடுதல். திருகைக் கொஞ்சம் தளர்த்த, இரண்டும் ஒரே சுருதிக்கு வந்தன.

கார்புரேட்டரை விடுவதற்கு முன் இன்னொன்று. பின் கார்புரேட்டரின் மிதவைத் தொட்டியிலிருந்து நிற்கும்போது பெட்ரோல் சொட்டுவது நோட்டில் 11-வது குறை. மிதவைக்கு மேலே ஒரு ஊசி வால்வு, தூசு மாட்டினால் மூடாது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மூடியை மெல்லத் தட்டினால் பல சமயம் சரியாகிவிடும். என்னுடையது தட்டியதும் நின்றது, மறுநாள் திரும்பச் சொட்டியது. கழற்றித் துடைத்ததும்தான் அடங்கியது.

மிதவைத் தொட்டி என்றதும் பீட்ரிஸ் ஷில்லிங்கைச் சொல்லாமல் போக முடியாது. இரண்டாம் உலகப் போர். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் இன்ஜினுக்கும் எஸ்.யூ. கார்புரேட்டர்தான். வகை வேறு, கம்பெனி அதே. ஜெர்மன் விமானம் மூக்கைச் சடாரென்று கவிழ்த்துத் தப்பினால், பின்தொடரும் ஸ்பிட்ஃபயரின் இன்ஜின் திக்கும். கவிழ்ந்த வேகத்தில் தொட்டியிலிருந்த பெட்ரோல் மேல்பக்கம் போய்விடும். முதலில் பட்டினி, அடுத்து வெள்ளம். ஜெர்மன் இன்ஜின்களுக்கு நேரடியாகப் பீய்ச்சும் முறை இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை. ஃபார்ன்பரோ ஆராய்ச்சிக் கூடத்தில் பொறியாளராக இருந்த ஷில்லிங், பெட்ரோல் வரும் வழியில் நடுவில் துளையிட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வைத்தார். இன்ஜின் முழு வேகத்தில் கேட்கும் அளவுக்கு மட்டும் பெட்ரோல் போகும், வெள்ளம் வராது. விமானத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பவே தேவையில்லை. ஷில்லிங்கும் அவருடைய சிறு குழுவும் விமானத் தளம் தளமாகப் போய் மாட்டிவிட்டார்கள். 1941 மார்ச்சுக்குள் பெரும்பாலான வேலை முடிந்தது. அவர் ப்ரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேல் பறந்தவர்! அதே ரகப் பைக்கில்தான் தளங்களுக்கும் போனார். இந்த வாரம் அந்தப் பித்தளைத் துண்டை என் மேஜை மேல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது அரிக்கும். என் காரின் ஹோஸை மடக்கிப் பார்த்தபோது வெடிப்பு வெடிப்பாகக் கோடுகள் தெரிந்தன. சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்கு நேர் மேலே ஓடும் ஹோஸ் அது. எத்தனால் தாங்கும் ‘ஆர் 9’ ரக ஹோஸை வாங்கி மாற்றினேன். இந்த வாரம் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள். மாற்றும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை திரும்ப மேஜிக் ரவுண்டானா. இடைவெளி தெரிந்தது, மிதித்தேன். ‘குப்’ இல்லை. முதுகை சீட்டில் அழுத்திக்கொண்டு கார் உள்ளே போனது. தேவையே இல்லாமல் ஐந்து குட்டி வட்டங்களையும் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னபோது, “எண்ணெய்தான?” என்றார் அண்ணன். “போட்டோம்ல. இனி மாசத்துக்கு ஒருக்கா மூடியத் தெறந்து பாரு.”

இண்டிகேட்டர் கதைக்கு இடம் போதவில்லை. நோய்க்குறியை மட்டும் சொல்லி வைக்கிறேன். இடது இண்டிகேட்டரைப் போட்டால், அதே பக்கத்துப் பின்விளக்கும் சேர்ந்து மங்கி மங்கி எரிகிறது. இரண்டு பல்பும் நல்ல பல்பு, ஃப்யூஸும் போகவில்லை. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்பின் இழை வழியாக நுழைந்து போகிறது. டிக்கிக்குள் கறுப்பு ஒயர் ஒன்று, பச்சைப் பூஞ்சை பிடித்த ஒரு திருகில் முடிகிறது. கறுப்பு என்றால் எர்த். அந்தத் திருகை இன்னும் கழற்றவில்லை. லூகாஸ் கம்பெனியின் ஒயர் நிறங்கள், சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், சென்னைக்காரர்களுக்குப் பாடியில் பஸ் ஸ்டாப்பின் பெயராகவே ஆகிவிட்ட அந்த லூகாஸ் எல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)